எட்டு போட்டால் போதுமா?

லைசென்ஸைப் புதுப்பிக்கிறோம், ஓட்டும் கையைப் புதுப்பிக்கிறோமா?

மாலை 6 மணி. திருநெல்வேலி டவுண் கீழ ரத வீதி. அல்வா வாங்க ஒரு கூட்டம். நெல்லையப்பரைக் கும்பிட ஒரு கூட்டம். இரண்டுக்கும் நடுவே மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், ஆட்டோ!

அந்த நெரிசலில் ஒரு கடைக்கார அண்ணாச்சி ஸ்கூட்டரில் வருவதாக வைத்துக்கொள்வோம். வயது 48. பின்னால் மனைவி. இளமையில் அப்பாவின் பழைய புல்லட்டில் ஓட்டப் பழகியவர். 18 வயதில் "எட்டு" போட்டு லைசென்ஸ் வாங்கியவர். பிறகு கடை, கல்யாணம், குழந்தைகள் என்று பல வருடம் வண்டியையே தொடவில்லை. இப்போது மகளின் ஸ்கூட்டரை எடுத்து வந்திருக்கிறார்.

திடீரென்று ஒரு சிறுவன் பலூனைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடி வருகிறான்!

அண்ணாச்சியின் இடது கால் பிரேக்கைத் தேடுகிறது. அங்கே பிரேக் இல்லை!

பழைய புல்லட்டில் இடது காலில் பிரேக், வலது காலில் கியர். இன்றைய கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில். இது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் ஆபத்து வரும் நொடியில் யோசிக்க நேரம் ஏது? பழகிய கால்தான் முந்திக்கொள்கிறது.

இந்த அண்ணாச்சி கற்பனைதான். ஆனால் இவரைப் போன்றவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஒருமுறை கற்றோம், அது போதும் என்று நினைக்கிறவர்கள். உண்மையில் போதுமா?

எட்டு எதைச் சோதிக்கிறது?

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எட்டு போடுவது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. காலைத் தரையில் ஊன்றாமல், மெதுவாக, எட்டு வடிவில் வண்டியைச் சுற்றி வர வேண்டும்.

அது நல்ல சோதனைதான். வண்டியைச் சாயாமல் ஓட்டத் தெரிகிறதா என்பதை அது காட்டிவிடும். ஆனால் 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது குறுக்கே ஒரு பிள்ளை வந்தால் வண்டியை நிறுத்தத் தெரியுமா? மழையில் வளைவு திரும்பத் தெரியுமா? இதையெல்லாம் எட்டு சொல்லாது.

லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது என்ன நடக்கிறது? 40 வயதைக் கடந்தவர் டாக்டரிடம் சான்றிதழ் வாங்குகிறார். கண்ணும் உடம்பும் சரியா என்று பார்க்கிறார்கள். ஓட்டும் திறமையைப் பார்ப்பதில்லை. லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆனால்தான் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. மறுபயிற்சி என்ற ஏற்பாடு அதில் இருக்கிறது. ஆனால் யாருக்கு? குற்றம் செய்து லைசென்ஸைப் பறிகொடுத்தவருக்கு! பயிற்சியை முடித்தால்தான் அதைத் திரும்பப் பெற முடியும். விழுந்த பிறகு மருந்து இருக்கிறது. விழாமல் இருக்க மருந்து இல்லை.

460 குடும்பங்கள்

இது சின்ன விஷயமா? கணக்கைப் பாருங்கள்.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். மத்திய அரசே வெளியிட்ட கணக்கு இது. நாள் ஒன்றுக்குச் சுமார் 460 பேர். இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள்.

அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதல் இடம்: 64,105 விபத்துகள். சாவு எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884 பேர்.

இரு சக்கர வண்டி இன்று பணக்காரர் வண்டி அல்ல. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. பால்காரரும் வாத்தியாரும் வண்டி வாங்கினார்கள். அந்தக் குழுமத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்கார், 1877-ல் நம் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர்! வண்டி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. பயிற்சி வரவில்லை.

இரண்டே நொடி!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பேராசிரியர் ஹாரி ஹர்ட் தலைமையில் ஒரு குழு சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்தது. நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். 1981-ல் அறிக்கை வந்தது.

அதில் கண்ட மூன்று விஷயங்கள்:

ஒன்று: விபத்தில் சிக்கியவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாங்களாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள்.

இரண்டு: ஆபத்தைக் கண்ட பிறகு தப்பிக்கக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவு.

மூன்று: அந்த நேரத்தில் பலர் பின் பிரேக்கை ஒரேயடியாக அழுத்திச் சறுக்கினார்கள். முன் பிரேக்கைச் சரியாகப் பயன்படுத்தவில்லை.

இங்கேயும் "முன் பிரேக்கைத் தொடாதே லே, குப்புற விழுந்துடுவே!" என்று சொல்லிக்கொடுக்கும் அண்ணன்மார் உண்டு. அது பாதி உண்மை. வெடுக்கென்று பிடித்தால் ஆபத்துதான். ஆனால் பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் சக்கரம் தரையை இறுக்கிப் பிடிக்கிறது. வண்டியை நிறுத்தும் சக்தி பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. பஞ்சைப் பிழிவது போலப் படிப்படியாக இறுக்க வேண்டும். பின் பிரேக்கும் கூடவே வேண்டும்.

மணிக்கு 40 கிலோ மீட்டர் என்றால் நொடிக்கு 11 மீட்டர். பிரேக் போடலாமா என்று யோசிக்கும் ஒரு நொடியிலேயே 11 மீட்டர் ஓடிவிடும்! வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்கு ஆகும்.

வண்டியும் மாறிவிட்டது

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் கருவி இது. அது வேலை செய்யும்போது பிரேக் துடிக்கும். விஷயம் தெரியாதவர் பயந்து பிரேக்கை விட்டுவிடுவார்! அதற்குக் கீழுள்ள சிறிய வண்டிகளில், ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் ஏற்பாடு வந்தது. இதையெல்லாம் பழகித்தானே அறிய முடியும்?

இங்கிலாந்தில் 1956-ல் "இன்ஸ்டிடியூட் ஆஃப் அட்வான்ஸ்டு மோட்டாரிஸ்ட்ஸ்" என்ற அமைப்பு தொடங்கியது. லைசென்ஸ் இருப்பவரே தாமாக வந்து இன்னொரு பரீட்சை எழுதுவது போல ஓட்டிக் காட்டுகிறார். மோட்டார் சைக்கிள்காரர்களும் போகிறார்கள். அங்கே வேகம் கற்றுத் தருவதில்லை. முன்கூட்டியே பார்ப்பது, இடைவெளி விடுவது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது ஆகியவைதான் பாடம்.

நம் ஊர்ப் பாடம்

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தளம் இருக்கிறது. அங்கே உயர்தரப் பயிற்சி வகுப்புகள் நடந்திருக்கின்றன. ஆனால் வாகையடி முனையில் நமக்கு வேண்டியது பந்தயப் பாடம் அல்ல.

தாமிரபரணிக் கரைக்கென்று தனிப் பாடம் உண்டு. கார் அறுப்பிலும் பிசான அறுப்பிலும் ரோட்டில் நெல் காயும், வைக்கோல் கிடக்கும். அதன்மேல் பிரேக் போட்டால் சறுக்கும். ஐப்பசியின் முதல் மழையில் ரோட்டு எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். மனைவி பின்னால் உட்கார்ந்தால் வண்டி நிற்கும் தூரம் மாறும். சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் பார்க்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலி மைதானம் ஒன்று போதும். பழகியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். முதலில் 20 கிலோ மீட்டர் வேகத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்து நிறுத்திப் பழகலாம். பிறகு 30, பிறகு 40. கை தானாகப் பிரேக்கைத் தேடிப் போகும்வரை பழக வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பயிற்சியால் விபத்து எவ்வளவு குறைகிறது என்பது தெளிவாக நிரூபணம் ஆகவில்லை என்று 2010-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொன்னது. "நமக்கு எல்லாம் தெரியும்" என்ற மிதப்பு வந்தால் பயிற்சியே ஆபத்து ஆகலாம். ஆகவே பயிற்சி ஹெல்மெட்டுக்குப் பதில் அல்ல. ஹெல்மெட் சாவை நூற்றுக்கு 42 பங்கு குறைக்கிறது என்று 2008-ல் வந்த தொகுப்பு சொல்கிறது. 2022-ல் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்!

லைசென்ஸைப் புதுப்பிக்க வருகிறவருக்கு அரை நாள் மறுபயிற்சி கொடுத்தால் என்ன? டிரைவிங் பள்ளிகள் இருக்கின்றன. மைதானங்கள் இருக்கின்றன. டாக்டர் சான்றிதழோடு இதையும் சேர்த்தால் அரசுக்குப் பெரிய செலவு ஆகாது. அதுவரை அவரவர் வீட்டில் தொடங்கலாம்.

ஆனி மாதம் இதே ரத வீதியில் நெல்லையப்பர் தேர் ஓடுகிறது. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். ஆனால் தேரை நிறுத்தும் கட்டையை எல்லாரும் போட முடியாது. அதற்குப் பழகிய கை வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை ஓடும் தேருக்கே அப்படி. அன்றாடம் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டிக்கு?