பிளாக் செய்ய முடியாத வர்ணம்

ஆதிமூலத்தைப் பற்றி நம்மிடையே ஒரு தீர்ப்பு உலவுகிறது. யாரும் அதை முழுசாக எழுதி வைக்கவில்லை. ஆனால் இரண்டு எழுத்தாளர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஓவியம் பற்றிப் பேச ஆரம்பித்தால் பத்தாவது நிமிஷத்தில் அது வந்துவிடும். சமீபத்தில் ஒரு கூட்டத்தில் மறுபடியும் கேட்டேன். 'கோடு போட்டவரைக்கும் அவர் நம்ம ஆள். வர்ணத்துக்குப் போனார், பணக்காரன் வீட்டு வரவேற்பறையில் போய்ச் சேர்ந்தார்.' சொன்னவர் நல்ல கவிஞர். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. காரணம் கோழைத்தனம் மட்டுமல்ல. ஏறக்குறைய இதே சொற்களில் நானே ஒரு காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன். வீடு திரும்பும்போது உறுத்தியது. அந்த உறுத்தல்தான் இந்தக் கட்டுரை.

விஷயம் தெரிந்ததுதான். 1938இல் திருச்சி மாவட்டத்தில் பிறந்தவர். 1960களின் முற்பகுதியில் சென்னை ஓவியக் கல்லூரிக்கு வந்தார். அப்போது கே. சி. எஸ். பணிக்கர் முதல்வர், தனபால் ஆசிரியர்களில் ஒருவர். 1969இல், காந்தி நூற்றாண்டின்போது, காந்தியை நூறு கோட்டோவியங்களாகத் தீட்டினார். அடுத்து, கிரீடமும் பட்டும் நகையும் மிஞ்சி ராஜ்யம் மட்டும் இல்லாமல்போன ராஜாக்கள். 'நடை', 'கசடதபற' காலத்திலிருந்தே சிறுபத்திரிகைகளோடு உறவு. அட்டைகளும் தலைப்பெழுத்துகளும் வரைந்தார். தமிழ் எழுத்தை அச்சுக்கோப்பவனின் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து அதற்கு ஒரு உடம்பு உண்டு என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். பிறகு எண்ணெய் வர்ணம். உருவம் இல்லாத, பரந்த, ஒன்றன்மேல் ஒன்றாக வர்ணங்கள் படிந்த கான்வாஸ்கள். 2008 ஜனவரியில் இறக்கும்வரை அவருடைய பிரதான வேலை அதுவாகவே இருந்தது.

அதாவது, நாம் 'நம்ம ஆள்' என்று கொண்டாடும் காலம் அவருடைய வாழ்வில் ஒரு பகுதி. மிச்சத்தை நாம் பார்க்கவில்லை. பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். பார்க்காததற்குக் காரணம் ரசனை என்றும் கொள்கை என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரசனையுமில்லை, கொள்கையுமில்லை. காரணம் துத்தநாகம்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. நானும் ஒரு சிறுபத்திரிகை நடத்தினேன். வழக்கம்போல நின்றுபோயிற்று. ட்ரெடில் அச்சு, ஐந்நூறு பிரதி. அட்டைக்குப் படம் வேண்டுமென்றால் இந்தியன் இங்க்கில் கோட்டுச் சித்திரமாக வேண்டும். அதை பிளாக் மேக்கரிடம் கொடுத்தால் துத்தநாகத் தகட்டில் லைன் பிளாக் செய்து தருவார். அந்தச் செலவை இரண்டு நண்பர்களின் சம்பள நாளில் சமாளிக்கலாம். ஆஃப்டோன் பிளாக் என்றால் ஆர்ட் பேப்பர் வேண்டும். வர்ணம் என்றால் மூன்று நான்கு பிளாக்குகள். ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழவேண்டும். அதற்கான மெஷினும் நம்மிடம் இல்லை, காசும் இல்லை. ஆகவே ஓவியர்களிடம் போய்க் கோடு கேட்டோம். அவர்களும் கொடுத்தார்கள், பெரும்பாலும் ஒரு பைசா வாங்காமல். எங்கள் பத்திரிகைக்கும் ஒரு இளம் ஓவியர் கொடுத்தார். பெயர் வேண்டாம்.

இதுவரை குற்றமில்லை. இல்லாதவன் இருப்பதைக்கொண்டுதான் பத்திரிகை நடத்தமுடியும். குற்றம் அதற்கு அடுத்த படியில் நடந்தது. நம்மால் அச்சிட முடிந்தது கோடு மட்டும் என்பதை, ஓவியத்தில் உயர்ந்தது கோடு மட்டும் என்று மாற்றிக்கொண்டோம். கோடு நேர்மை, வர்ணம் ஆடம்பரம். கோடு தவம், வர்ணம் வியாபாரம். கறுப்பும் வெளுப்பும் சிந்தனை, சிவப்பும் நீலமும் அலங்காரம். இப்படி ஒரு அழகியலே உருவாகிவிட்டது. நம்முடைய ஏழ்மையை நாம் கௌரவமாகச் சுமந்தோம் என்பது உண்மைதான். ஆனால் அதை அளவுகோலாகவும் ஆக்கிவிட்டோம். பிறகு ஒரு கலைஞன் வளர்ந்து அந்த அளவுகோலுக்கு வெளியே போனபோது, வளர்ச்சி என்று நமக்குத் தோன்றவில்லை. துரோகம் என்று தோன்றியது.

சரி, அந்தக் கோடுகளையாவது பார்த்தோமா? காந்தி ஓவியங்களை மறுபடி எடுத்துவைத்துக்கொண்டு பாருங்கள். அந்த வரிசையில் பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற காந்தியும் உண்டு. தெரியாமல் கரைகிற காந்தியும் உண்டு. பின்னதில் கோடு உடம்பின் விளிம்பைக் காட்டுவதற்காக வரவில்லை. மெல்லிய கோடுகள் அடர்ந்து, பின்னி, விலகி ஒரு பரப்பாகின்றன. காகிதத்தின் வெளுப்பு, விட்டுவைத்த காலியிடமாக இல்லாமல், உடம்பின் வெளிச்சமாக வேலை செய்கிறது. ராஜாக்களில் இது இன்னும் முற்றுகிறது. உடையின் வேலைப்பாடும் நகையும் கோடுகளாகப் பெருகி முகத்தைத் தின்கின்றன. ராஜா யார் என்பது முக்கியமில்லாமல் போய்விடுகிறது. அந்த நெருக்கம்தான் படம். கோடு கோடாக இருப்பதில் அலுத்துப்போன ஒரு கை அங்கே தெரிகிறது. அந்தக் கை அடுத்து எங்கே போகும்? பரப்புக்குத்தான் போகும். பரப்பு என்றால் வர்ணம்.

பின்வந்த கான்வாஸ்களில் கோடு எங்கே போயிற்று என்று கேட்கிறார்கள். எங்கும் போகவில்லை. இரண்டு வர்ணங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இருக்கிறது. கீழிருக்கும் வர்ணம் மேலிருப்பதன் கிழிசல் வழியாக எட்டிப்பார்க்கும் ஓரத்தில் இருக்கிறது. மண், நீர், ஆகாயம் என்று சொல்லத் தோன்றும். எங்கே மண் முடிந்து ஆகாயம் தொடங்குகிறது என்று கேட்டால் விரல்வைத்துக் காட்டமுடியாது. முன்பு கோட்டை வைத்து உருவத்தைக் கரைத்தவர் இப்போது கரைந்த நிலையிலிருந்தே தொடங்குகிறார். இது திசைமாற்றம் இல்லை. அதே கேள்வியை இன்னும் கடினமான இடத்தில் வைத்துக் கேட்பது. கோட்டை அவர் வெறுத்து ஒதுக்கவுமில்லை. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்குப் படம் போட்டது இதே கைதான். கைத்தட்டல் நிச்சயம் என்று தெரிந்த வித்தையைக் கான்வாஸில் செய்துகாட்ட மறுத்தார், அவ்வளவுதான்.

இந்த மறுப்பு அவருக்கு வானத்திலிருந்து விழுந்ததில்லை. முதல்வரின் உதாரணம் கண்முன்னால் இருந்தது. பணிக்கர் இளமையில் நீர்வர்ணத்தில் தென்னையும் நீர்நிலையும் ஈரமான வெளிச்சமுமாக நிலக்காட்சிகள் வரைந்து பெயர் வாங்கியவர். அதோடு நின்றிருந்தால் வாழ்நாள் முழுவதும் விற்றிருக்கும். நிற்கவில்லை. உருவச் சித்திரங்களுக்குப் போனார். 1954இல் ஐரோப்பா போய்வந்தார். 1957இல் முதல்வரானார். 1963இல், 52 வயதில், பதவியும் மரியாதையும் சீடர்களும் சூழ்ந்திருக்கும்போது, 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். கணிதக் குறிகள், எண்கள், ஜாதகக் கட்டங்கள், மலையாள எழுத்துபோலத் தோன்றி மலையாளிக்கும் படிக்கவராத கிறுக்கல்கள். எழுத்திலிருந்து அர்த்தத்தை வடித்துவிட்டு அதன் நடமாட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார். எழுத்தை நம்பிப் பிழைக்கும் நமக்கு இது எப்பேர்ப்பட்ட சவால்! நாம் அதைக் காதில் போட்டுக்கொண்டோமா? 'மரபுக்குத் திரும்பினார்' என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டோம். அவர் எங்கும் திரும்பவில்லை. அப்படி ஒரு படம் அதற்கு முன் அந்த மரபில் இல்லை.

அப்படி மாறுவதற்கு விலை உண்டு என்பதும் பணிக்கருக்குத் தெரிந்திருந்தது. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் உருவானதன் பின்னால் இருந்த கணக்கு எளிமையானது. ஓவியர்கள் பாத்திக்கும் மற்றக் கைவினைப் பொருள்களும் செய்து வயிற்றைக் கழுவிக்கொள்வது. வயிறு அடங்கினால் கான்வாஸ் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. விற்பனையை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு ஓவியத்தைத் தனியே வைப்பது. நூறு பிரகடனங்களைவிட இது பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

இங்கே என் கவிஞ நண்பர் குறுக்கிடுவார். 'விற்பனை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அரூப ஓவியம்தான் விற்கிறது. ஆதிமூலத்தின் கான்வாஸும் விற்றது.' விற்றது. அதனால் என்ன? விற்றதால் பொய், விற்காததால் மெய் என்றால் என் முதல் கவிதைத் தொகுதி காவியமாகியிருக்கும். அரூபத்துக்குப் போவதுதான் சோரம் என்றால், அரூபத்தை விட்டு வெளியே வந்தவனை என்ன சொல்வீர்கள்? அமெரிக்காவில் பிலிப் கஸ்டன் இருந்தார். 1950களில் மென்சிவப்பும் சாம்பலும் நடுங்கும் அரூப ஓவியங்களால் பெரிய பெயர். 1962இல் குகென்ஹைம் மியூசியத்தில் அவர் வாழ்நாள் வேலைகளின் கண்காட்சி. 1970 அக்டோபரில் நியூயார்க்கில் மார்ல்பரோ காலரியில் புதிய படங்களை மாட்டினார். முக்காடு போட்ட கூ க்ளக்ஸ் க்ளான் ஆட்கள், சுருட்டு, பூட்ஸ், தொங்கும் பல்ப். சிறுபிள்ளைக் கேலிச்சித்திரம்போல. நியூயார்க் டைம்ஸில் ஹில்டன் க்ரேமர் கிழித்தெறிந்தார். இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மன், நெருங்கிய நண்பர், விலகிப்போனார். கஸ்டன் 1980இல் இறக்கும்வரை அதே பாதையில்தான் போனார். அந்தக் கடைசிப் பத்து வருஷ வேலைதான் பின்னால் வந்த ஓவியர்களுக்குக் கதவு திறந்தது.

பணிக்கர் தெரிந்த உருவத்திலிருந்து படிக்கமுடியாத குறிக்குப் போனார். கஸ்டன் உருவமின்மையிலிருந்து பூட்ஸுக்கு வந்தார். எதிரெதிர்த் திசைகள். ஆகவே திசையை வைத்து வளர்ச்சியை அளக்கமுடியாது. உருவத்திலிருந்து அரூபத்துக்கு ஏணி போட்டு வைத்திருக்கும் காலரிக்காரர்களும் தவறு. அதே ஏணியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இறங்கு இறங்கு என்று கத்தும் நாமும் தவறு. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அவன் எதை விட்டான்? தனக்கு வராததை விட்டவன் தப்பித்தவன். ஊரே மெச்சும்படி வந்ததை, அது சுலபமாகிவிட்டது என்பதற்காகவே விட்டவன் கலைஞன்.

எல்லா மாற்றமும் வளர்ச்சி என்று நான் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு பாணி மாற்றுகிறவனிடம் விடுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. ஆதிமூலத்தின் வர்ண ஓவியங்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இல்லை என்பதும் எனக்குத் தெரிகிறது. சிலவற்றில் வர்ணம் தன்னைத்தானே ரசித்துக்கொண்டு நிற்கிறது, இனிப்புக் கூடிவிடுகிறது. பணிக்கரும் 1977இல் இறக்கும்வரை 14 வருஷம் ஒரே வரிசையில் இருந்தார்; அதில் சில படங்கள் முந்தைய படத்தின் நகல். அவரைப் பார்த்துக் கான்வாஸில் எழுத்தைத் தெளித்தவர்களுக்கோ அது வெறும் கோலம். இவற்றைப் படம் படமாகப் பார்த்துச் சண்டை போடுவோம். அதற்குப் பெயர் விமர்சனம். நாம் செய்தது அதுவல்ல. ஒரு மனிதனின் முப்பது வருஷ உழைப்பை ஒரு வாக்கியத்தில் தள்ளினோம், நம் அட்டைக்கு அது பொருந்தவில்லை என்பதற்காக.

இதை ஓவியத்தோடு நிறுத்திக்கொள்ள நினைத்தேன். முடியவில்லை. நமக்குள்ளும் இதே கதைதான். கவிஞனுக்கு ஒரு நடை அமைந்துவிட்டால் அதற்கு 'முத்திரை' என்று பெயர் சூட்டுகிறோம். முத்திரை குத்துவது தபாலாபீஸ் வேலை. குத்திய கடிதம் போகவேண்டிய இடத்துக்குத்தான் போகும், வேறெங்கும் போகாது. எனக்கும் ஒரு நடை உண்டு. சின்ன வரிகள், கடைசி வரியில் ஒரு திருகல். இருபது வருஷமாக எழுதுகிறேன். பார்த்தவுடன் என்னுடையது என்று தெரிகிறதாம், பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். கடைசி வரி வருவதற்கு முன்பே எனக்கும் தெரிந்துவிடுகிறது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆதிமூலத்தின் வர்ணத்தை நான் வைததில் எவ்வளவு விமர்சனம், எவ்வளவு பொறாமை என்று இப்போது பிரித்துப்பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் பத்திரிகைக்குப் படம் கொடுத்த ஓவியரும் பிற்பாடு வர்ணத்துக்குப் போனார். கண்காட்சிக்கு அழைப்பிதழ் அனுப்பியிருந்தார், அவர் கையாலேயே விலாசம் எழுதி. நான் போகவில்லை. போகாததை ஒரு நிலைப்பாடு என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் அழைப்பிதழ் அனுப்பவில்லை. அவருடைய படத்தின் பிளாக் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். கட்டையில் ஆணியடித்த தகடு, நாலு அங்குலத்துக்கு மூன்று அங்குலம். அவ்வளவு இடத்துக்குள்தான் அவரை இருக்கச் சொன்னேன்.