துபாயில் 1,500 திர்ஹம் சம்பளம்… ஆரணி நெசவாளர் கையில் மிஞ்சுவது எவ்வளவு? முழுக் கணக்கு

"மாசம் 36 ஆயிரம்ண்ணா. ரூமு கம்பெனியே குடுக்குது. சாப்பாடு மட்டும்தான் நம்மளது."

வளைகுடா வேலைக்கு ஆள் எடுக்க ஏஜென்ட்டுகள் ஊருக்கு வரும்போது சொல்லும் கணக்கு பெரும்பாலும் இந்த மூன்று வரிதான். பட்டுத் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு 36 ஆயிரம் என்பது பெரிய எண். ஆனால் அது சம்பளம் மட்டுமே, வருமானம் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியிலும், சுற்றியுள்ள முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற நெசவு ஊர்களிலும் தறியை நிறுத்திவிட்டு விமானம் ஏற நினைக்கும் ஒருவர், அந்த மூன்று வரிக்குக் கீழே இன்னும் எத்தனை வரி எழுத வேண்டும்? பார்க்கலாம்.

புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டுக்குப் பெயர் இருக்கிறது. நெய்பவருக்கு வேலை மட்டும் எப்போதும் ஒரே சீராக இருப்பதில்லை. முகூர்த்த மாதங்களில் ஓய்வே இருக்காது, ஆடியும் மார்கழியும் வந்தால் மந்தம். பட்டு நூல், ஜரிகை விலை ஏறினால் பாவு கைக்கு வருவது தள்ளிப்போகும். விசைத்தறிப் போட்டி தனிக்கதை. அதனால் வெளிநாட்டு ஆசை வருவதில் தப்பே இல்லை. கணக்கு தப்பாக இருப்பதுதான் பிரச்னை.

இங்கே விட்டுப் போவது எவ்வளவு?

வெளிநாட்டு பட்ஜெட்டின் முதல் வரியை உள்ளூரில்தான் எழுத வேண்டும். தறி ஒரு ஆளின் தொழில் அல்ல. கணவர் நெய்தால் மனைவி தார் சுற்றுவார், பெரியவர்கள் கூடமாட உதவுவார்கள். கூலி ஒருவர் பெயரில் வந்தாலும் உழைப்பு வீட்டுக்கே சொந்தம். நெய்பவர் போய்விட்டால் அவருடைய கூலி மட்டும் நிற்காது, வீட்டில் மற்றவர்களின் கைவேலைக்கும் காசு கிடைக்காமல் போகும். ஏஜென்ட் போடும் கணக்கில் இந்த வரி வரவே வராது.

கண்ணுக்குத் தெரியாத வரவும் உண்டு. ரேஷனில் விலையில்லா அரிசி, கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் (2023 வரை இது 200 யூனிட்டாக இருந்தது), சொந்த வீடாக இருந்தால் வாடகை மிச்சம். துபாயில் குடிக்கிற தண்ணீருக்கும் காசு.

கூலிக்கு நெய்கிற பலர் முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். தறியை விட்டுப் போகிறேன் என்றால் அதை முதலில் தீர்க்க வேண்டும். அந்தத் தொகையும் பயணச் செலவில் சேர்ந்துதான் வரும்.

அங்கே செலவு எவ்வளவு?

ஒரு திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். திர்ஹம் ஒரு டாலருக்கு 3.6725 என்று நிலையாகக் கட்டப்பட்டது. டாலர் 90 ரூபாயைச் சுற்றி இருக்கும்போது திர்ஹம் 24-ஐத் தாண்டும். 1,500 திர்ஹம் என்றால் 36,000 ரூபாய். ஏஜென்ட் சொன்னது சரிதான்.

தங்குமிடமும் வேலைக்குப் போகிற பஸ்ஸும் கம்பெனி கொடுக்கிறது என்றே எடுத்துக்கொள்வோம். நான்கைந்து பேர் சேர்ந்து சமைத்தோ மெஸ்ஸிலோ சாப்பிட 450 திர்ஹம். போன் ரீசார்ஜ் 100. சோப்பு, முடிவெட்டு, துணி, மாத்திரை எல்லாம் சேர்த்து 150. இது மிகவும் கைகட்டிச் செலவு செய்கிற ஆளின் கணக்கு. நிஜத்தில் கூடுமே தவிர குறையாது. மொத்தம் 700 போனால் மிச்சம் 800 திர்ஹம், அதாவது 19,200 ரூபாய்.

36 ஆயிரம் ஏற்கெனவே பாதிக்கு வந்துவிட்டது. பெரிய செலவை நாம் இன்னும் தொடவே இல்லை.

பட்ஜெட்டைத் தின்னும் 'மூணு வட்டி'

விசா, டிக்கெட், ஏஜென்ட் காசு என்று ஒன்றரை லட்சம் ரூபாய் கடன் வாங்கிப் போகிறார் என்று வைப்போம். ஊரில் கிடைக்கிற மூணு வட்டிக்கு. நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். முதல் மாதம் வட்டி மட்டும் 4,500.

அனுப்புகிற 19,200-இல் வீட்டுச் செலவுக்கு 10,000 போனால், கடனுக்கு மாதம் 9,200 கட்டலாம். இப்படிக் கட்டினால் கடன் முடிய ஏறக்குறைய 23 மாதம் ஆகும். வளைகுடா வேலைகளில் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு வருடம்தான், 24 மாதம். ஒப்பந்தம் முடிகிற நேரத்தில்தான் அவர் தனக்காகச் சம்பாதிக்கவே ஆரம்பிக்கிறார். ஒன்றரை லட்சத்துக்கு அவர் கட்டி முடித்தது சுமார் 2 லட்சத்து 9 ஆயிரம்.

இதையே அறுபதாயிரம் கடனோடு போயிருந்தால்? அதே வட்டி, அதே மாதக் கட்டு. எட்டாவது மாதத்தில் கடன் முடிந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முதல் ஆள் இரண்டு வருடத்தில் அனுப்பியது 4,60,800 ரூபாய். கடனும் வட்டியும் போக குடும்பத்துக்குக் கிடைத்தது சுமார் 2,52,000. மாதத்துக்கு 10,500. இரண்டாம் ஆளின் குடும்பத்துக்கு மாதத்துக்கு 16,000-க்குக் கொஞ்சம் மேல். ஒரே கம்பெனி, ஒரே ரூம், ஒரே சம்பளம். அங்கே எவ்வளவு சிக்கனமாக இருந்தார்கள் என்பதில் வித்தியாசம் இல்லை, புறப்படும்போது எவ்வளவு கடன் என்பதில்தான் வித்தியாசம்.

தறியில் குடும்பமாகச் சேர்ந்து மாதம் 15,000 எடுத்தவர்கள் என்றால், முதல் ஆள் நஷ்டத்துக்குப் போயிருக்கிறார். அவர் சாப்பாட்டுச் செலவு இங்கே குறைந்தது என்று ஒரு இரண்டாயிரத்தைக் கூட்டிக்கொண்டாலும்கூட நஷ்டம்தான்.

சட்டப்படி ஏஜென்ட் எவ்வளவு வாங்கலாம்?

இந்திய அரசிடம் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டியும். ஆக 35,400. அதுவும் ரசீதோடு. ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டமோ, ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வசூலிக்கக் கூடாது என்றே சொல்கிறது. ஒன்றரை லட்சம் கேட்கிறார் என்றால் அதில் பெரும்பகுதிக்கு எந்தச் சட்டத்திலும் கணக்கு கிடையாது.

முகவர் பதிவு பெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது, அந்த வழியும் உண்டு.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு வருவது 'இசிஆர்' பாஸ்போர்ட். சின்ன வயதிலேயே தறியில் உட்கார்ந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், குவைத், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்கள் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். தலைவலி மாதிரித் தெரியும், ஆனால் இவர்களுக்கான பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. அந்த வழியில் போகிறவர்களுக்குத்தான் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு பிரீமியம் 275 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய். "விசிட் விசால போய்டு, அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொல்லி அனுப்பப்படுகிறவருக்கு இது எதுவும் கிடையாது. விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றமும்கூட.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய ஒரு சொல்

அடிப்படைச் சம்பளம். 1,500 திர்ஹத்தில் அடிப்படை 900, மீதி 600 படி என்று எழுதியிருக்கலாம். மாதாமாதம் கைக்கு வருவது ஒன்றுதான். ஆனால் அமீரகத்தில் ஓவர்டைமும், வேலை முடித்து வரும்போது தரும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அடிப்படை 900 என்றால் இரண்டு வருடத்துக்கு 1,260 திர்ஹம். முழு 1,500-உம் அடிப்படை என்றால் 2,100. இருபதாயிரம் ரூபாய் வித்தியாசம் ஒரே ஒரு சொல்லில்.

அமீரகத்தில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இவ்வளவு என்ற பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது. கத்தாரில் உண்டு. 2021 மார்ச் முதல் அடிப்படை 1,000 ரியால், சாப்பாடு தராவிட்டால் 300, தங்குமிடம் தராவிட்டால் 500. மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். அதே ஆண்டு அக்டோபரிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அங்கே சேமநல நிதிப் பிடித்தம் உண்டு. தொழிலாளி 2 சதவீதம், முதலாளி 2 சதவீதம். சம்பளச் சீட்டில் காசு குறைகிறதே என்று பதற வேண்டாம், அது நம் பெயரில்தான் சேர்கிறது.

குடும்பத்தோடு போனால்?

கணக்கே வேறு. கொஞ்சம் படித்து, அக்கவுண்ட்ஸ், ஐடி என்று போகும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பார்க்க வேண்டிய பகுதி இது. அமீரகத்தில் குடும்பத்தைக் கூட்டிவர மாதம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000-உம் தங்குமிடமும் இருக்க வேண்டும். இது விசா கிடைப்பதற்கான வரம்பு. குடும்பம் நடத்த அது போதும் என்று யாரும் சொல்லவில்லை! துபாயில் வாடகைக்கு மேல், ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாக மின்சார பில்லோடு சேர்ந்து வரும். பள்ளிக் கட்டணம் தனி.

சவுதியில் கூட இருக்கும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் கட்டணம் உண்டு. 2017-இல் மாதம் 100 ரியாலில் தொடங்கி ஆண்டுதோறும் ஏறி, 2020 ஜூலையில் 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால். ரியாலும் 24 ரூபாய் கணக்கில் 28,800 ரூபாய். ஒரு கிலோ அரிசி வாங்குவதற்கு முன்பே! அதே ஜூலையில் அங்கே வாட் வரி 5-இலிருந்து 15 சதவீதமானது. சிங்கப்பூரில் 2024 முதல் ஜிஎஸ்டி 9 சதவீதம். குடும்பத்துக்கான 'டிபென்டன்ட் பாஸ்' கேட்க மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலராவது வேண்டும்.

ரூபாய் சரிந்தால் லாபம்தானே?

பாதி உண்மை. பத்து, பன்னிரண்டு வருடத்துக்கு முன் திர்ஹம் 16, 17 ரூபாய். அன்றைய 1,500 திர்ஹம் 25 ஆயிரம், இன்று 36 ஆயிரம். சம்பளம் ஒரு திர்ஹம்கூட ஏறாமல், ஏறினது போலத் தெரிகிறது. ஆனால் அங்கே அரிசியும் முட்டையும் திர்ஹமில்தான் வாங்க வேண்டும், அதற்கு ரூபாய் சரிவு உதவாது.

இங்கேயும் பொருளின் விலை சும்மா இருப்பதில்லை. பல குடும்பங்கள் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவதே பெண்ணுக்கு நகை சேர்க்கத்தான். சென்னையில் 2025 ஜனவரியில் சவரன் 60 ஆயிரத்தைத் தொட்டது, டிசம்பரில் 1 லட்சத்தைத் தாண்டியது. மாதம் 800 திர்ஹம் மிச்சம் பிடிக்கும் ஆளுக்கு, ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சவரனுக்கு மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேல் உழைப்பு போதுமாக இருந்தது. ஆண்டு முடிவில் ஐந்து மாதத்துக்கு மேல். ரூபாய் சரிவில் கிடைத்த நாலைந்து சதவீதம் எங்கே போனது என்றே தெரியாது.

கிளம்பும் முன்…

முதல் சம்பளம் கைக்கு வர 30 முதல் 45 நாள் ஆகலாம். அதுவரை அங்கே சாப்பிட 600, 700 திர்ஹமாவது கையில் வேண்டும். இல்லாவிட்டால் ரூமில் இருக்கும் ஆளிடம் கடன், அதிலிருந்து இன்னொரு கணக்கு. வட்டிக்காரருக்கு முதல் இரண்டு மாதம் வட்டி கட்டவும், வீட்டுச் செலவுக்கும் இங்கே தனியாக ஒதுக்க வேண்டும். கடன் தொகையை முடிவு செய்யும்போதே இதைச் சேர்க்காதவர்கள்தான் போன முதல் மாதமே ஊருக்குப் போன் போட்டு, "மோதிரத்த வெச்சிடு" என்கிறார்கள்.

வங்கியில் சொல்லி என்ஆர்இ கணக்கு திறந்தால் அதில் வரும் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஏற்கெனவே உள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ-வாக மாற்ற வேண்டும் என்பது விதி. பணம் அனுப்பும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காமல், அன்றைய ரேட்டையும் இரண்டு மூன்று எக்ஸ்சேஞ்சில் கேட்க வேண்டும். 'கட்டணமே இல்லை' என்கிற இடத்தில் ரேட் குறைவாக இருக்கலாம்.

தறியை என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். வீட்டில் தம்பியோ மனைவியோ நெய்யத் தெரிந்தவர் என்றால், அடுத்த பாவு யார் பெயரில் வாங்குவது என்று முதலாளியிடமோ கூட்டுறவு சங்கத்திலோ கேட்டு முடிவு செய்துகொண்டு போகலாம். மேலே போட்ட கணக்கில் மாதம் நாலாயிரம், ஐந்தாயிரம் தறியிலிருந்து வந்தாலும்கூட, 23 மாதக் கடன் ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும்.