முற்பணமும் ஒற்றிப் பணமும்

வாடகை வீட்டுக்குக் குடிபுகும் நாளில் இரு திறத்தாரும் மலர்ந்த முகத்தோடிருப்பர். பணமும் திறப்பும் கைமாறும். "எங்கடை ஆக்களுக்குள்ளே எழுத்து எதற்கு?" என்று ஒருவர் கூற, மற்றவரும் தலையசைப்பார். அந்த எழுத்தின் அருமை வெளியேறும் நாளிலேதான் தெரியவரும்.

திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தை அண்டிய ஒழுங்கையொன்றிலே, எனக்குத் தெரிந்த குடும்பமொன்று மூன்றாண்டுகள் வாடகைக்கு இருந்தது. வீட்டுக்காரர் இருப்பது சிட்னியில். அற்றோர்னித் தத்துவம் பெற்ற உறவினர் ஊரில். குடும்பம் வெளியேறியபோது, சுவருக்கு வெள்ளையடித்த செலவு, கிணற்று மோட்டர் திருத்திய செலவு என்று கணக்குச் சொல்லி, முற்பணத்திற் பாதியை உறவினர் பிடித்துக்கொண்டார். மோட்டர் முன்னரே பழுது என்றனர் குடியிருந்தோர். அன்று என்றார் அவர். எவரிடமும் ஒரு துண்டுக் கடிதமேனும் இல்லை.

இதிலே ஒரு முரணைக் காண்கிறேன். சிட்னி நகர் அமைந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், 1977ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டே வாடகைப் பிணைப்பணத்தை வீட்டுக்காரர் தம் கையில் வைத்திருத்தல் ஆகாது. அரச சபையொன்றிடம் செலுத்தவேண்டும். இங்கிலாந்திலும் 2007 முதல் பாதுகாப்புத் திட்டம் உண்டு. பணத்துக்கு மூன்றாமவர் காவல் இருப்பதால், கழிக்க விரும்புபவரே காரணம் காட்டவேண்டியவராகிறார். இங்கோ, கொடுத்ததைத் திரும்பக் கேட்பவரே அலையவேண்டியிருக்கிறது.

இலங்கையின் 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், முற்பணம் மூன்று மாத வாடகையை மேவலாகாதென வகுத்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் புதிய வாடகைகள் பலவற்றை அதன் பிடியினின்றும் விடுவித்தது. எஞ்சுவது இருவரின் உடன்பாடே. ஆனால் 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படாவிடின் செல்லாது. அச்செலவுக்கு அஞ்சியே பலர் எழுத்தை அடியோடு கைவிடுகின்றனர்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், தொகுக்கப்பட்ட தேசவழமையில் ஒற்றி பற்றிய விதிகள் உள. பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பயனைக் கொள்வார். முதல் திரும்பும்போது காணியும் திரும்பும். காணி பணத்துக்குக் காவல். பணம் காணிக்குக் காவல். இன்றைய முற்பணத்துக்கோ அக்காவல் இல்லை. திறப்பை ஒப்படைத்த பின்னரே பணம் கேட்கப்படுகிறது.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. கட்டாத மின்சாரக் கட்டணத்தையும் உடைந்த கதவையும் விட்டுச் செல்வோரும் உளர். ஆதலின் பரிகாரம் இருவருக்கும் பொதுவாதல் வேண்டும்: பணத்துக்குப் பற்றுச்சீட்டு, புகும் நாளில் வீட்டின் நிலையைக் குறித்து இருவரும் இட்ட கையெழுத்து, கழிவுகளுக்குக் கணக்கு. தகராறு மூண்டால் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபை உண்டு. அது தீர்ப்பு விதிப்பதில்லை; இணக்கத்தையே நாடும். இணங்காவிடின் அது தரும் சான்றிதழோடு நீதிமன்றம் செல்லலாம்.

நான் அறிந்த அக்குடும்பம் இன்னும் சபைக்குச் செல்லவில்லை. ஊர்ப் பகை வரும் என்று அஞ்சுகிறது. எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு வழக்கிட ஆறாண்டு; வாய்ச்சொல்லுக்கு மூன்றாண்டே. அவர்களுக்கு இரண்டாண்டு கழிந்துவிட்டது. எழுத்துக் கேட்பது உறவை ஐயுறுதல் என்று எண்ணுகிறோம். உறவைக் காத்திருக்கக் கூடியதும் அவ்வெழுத்தொன்றே.