கீறல் விழாத தட்டு

நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்யப்பட்ட அமெரிக்கப் பீங்கான் பாத்திரங்களைச் சேகரிக்கும் அன்பர்கள் நம்மீது சினங்கொள்ளக்கூடும். கொள்ளட்டும். அவர்கள் உயிரெனப் போற்றும் ஒரு சொல்லோடுதான் நமக்கு வழக்கு: 'புத்தம்புதிது போன்றது'. இச்சொல் இருந்தால் விலை ஏறுகிறது. கத்தி பட்ட கீறல் தெரிந்தால் அதே தட்டு தீண்டத்தகாததாகிவிடுகிறது.

இப்பாத்திரங்கள் எதற்காகப் பிறந்தன? பொருளாதாரப் பெருமந்தம் முற்றும் நீங்காத 1936இல், மேற்கு வர்ஜீனியாவின் நியூவெல்லில் ஹோமர் லாஃப்லின் நிறுவனம் ஃபியஸ்டாவை வெளியிட்டது. வடிவமைத்தவர் ஃபிரெடரிக் ஹர்ட்டன் ரீட். தொகுதி முழுவதையும் வாங்க வேண்டியதில்லை. இன்று ஒரு மஞ்சள் தட்டு, கையில் காசு சேர்ந்ததும் ஒரு நீலக் கோப்பை என்று நிறம் கலந்து புழங்கலாம். 1939இல் ரஸ்ஸல் ரைட்டின் 'அமெரிக்கன் மாடர்ன்' வந்தது. ஒஹையோவின் ஸ்டூபன்வில்லில் 1959 வரை உற்பத்தியான இது எளிதில் விளிம்பு தெறிக்கும் இயல்பினது. நாள்தோறும் அதில் உண்ட வீடுகளில் அது உடைந்து தீர்ந்தது. மாசுமறுவின்றி எஞ்சியதோ பெரும்பாலும் எவரும் உண்ணாத தட்டு. தன் தொழிலைச் செய்யாத பாத்திரத்துக்குத்தான் முதல் மரியாதை!

நிறத்திலும் இதே கூத்துதான். 1959இல் வந்த ஃபியஸ்டாவின் நடுப்பச்சையை எண்ணிப் பாருங்கள். விற்பனை சரிந்திருந்த காலத்தில் வந்ததால் அது குறைவாகவே வீடுகளைச் சென்றடைந்தது. அதனாலேயே இன்று அதற்குப் போட்டி. இதை ரசனை என்று அழைக்க நமக்கு நா எழவில்லை.

'அப்படியானால் அவற்றில் உண்ணலாமே' என்று எள்ளுவோர் உண்டு. ஃபியஸ்டாவின் சிவப்புப் பூச்சில் யுரேனியம் இருந்தது. போர்க்காலத்தில் அரசு யுரேனியத்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டதால் 1943இல் அந்நிறம் நின்று, 1959இல் மீண்டது. புளிப்பான உணவு பட்டால் பூச்சிலுள்ளது கசியும். பிற பழம்பூச்சுகளில் ஈயமும் இருக்கக்கூடும். ஆகவே உண்ணுங்கள் என்று நாம் சொல்லவில்லை. உண்டவர்களின் தடத்தைக் குப்பையில் எறியாதீர்கள் என்கிறோம்.

ரைட் தம் மனைவி மேரியுடன் சேர்ந்து 1950இல் எழுதிய நூல், வீட்டு வேலையை எளிதாக்குவது பற்றியது. அவ்வேலை எப்படி நடந்தது என்பதற்குக் கீறிய தட்டைவிட வேறென்ன சான்று வேண்டும்? பின்புறத்து முத்திரையை மட்டும் படமெடுக்கும் அன்பர்கள் தட்டைத் திருப்பி முன்புறத்தையும் எடுக்கட்டும். விற்பவரிடம் அது எவர் சமையலறையில் இருந்தது என்று கேட்டு, விலைக்கு அருகிலேயே எழுதி வைக்கட்டும்.