வாடகைக்கு வீடு வேணுமா? குலசாமி எது?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மதுரைக்குக் குடிபோகிறவர்களிடம் "எந்த ஏரியா பாக்குறீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பதில் வரும். பஸ் வசதி, தண்ணி வசதி, பிள்ளைகளுக்கு ஸ்கூல். அப்புறம் கொஞ்சம் குரலை இறக்கி, "நம்ம ஆளுக நாலு பேர் பக்கத்துல இருந்தா நல்லது."

இந்தப் பதிவு அந்தக் கடைசிக் காரணத்தைப் பற்றியது. ஆனால் நிஜமாகவே வீடு தேடிக்கொண்டு இதைப் படிக்கிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது இல்லையா? அதனால் முதல் விஷயங்களை வேகமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பஸ்: தேனி, கம்பம், குமுளி பஸ்கள் மதுரையில் வந்து சேருவது ஆரப்பாளையத்தில். மாட்டுத்தாவணி ஊரின் மறுகோடி. லோயர் கேம்பிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் பஸ்ஸில் குலுங்கி வந்த பிறகு, இன்னொரு டவுன் பஸ் பிடித்து ஒரு மணி நேரம் போவது வயதானவர்களுக்குக் கொடுமை. ஊரில் தாத்தா பாட்டியோ வயலோ இருந்தால் நகரத்தின் மேற்கே பாருங்கள். காளவாசல், விராட்டிபத்து, அச்சம்பத்து, நாகமலைப்புதுக்கோட்டை என்று தேனி ரோட்டை ஒட்டிப் பார்ப்பது நல்லது. ரயிலை நம்ப வேண்டாம். அகல ரயில் பாதையில் 2022 மே மாதம் தேனி வரைக்கும் 2023 ஜூனில் போடி வரைக்கும் ரயில் வந்துவிட்டது. கம்பம், கூடலூர் பக்கம் அது இன்னும் கோரிக்கை மனுவில்தான் ஓடுகிறது.

தண்ணீர்: கோடையில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். கோடையில் போனால் கார்ப்பரேஷன் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, போர் தண்ணி உப்பா என்று தெரியும். மழையில் போனால் அந்த இடம் முன்னால் கண்மாயாக இருந்ததா என்று தெரியும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

மதுரைக் குழாயில் வரும் தண்ணீரில் நம்ம ஊர்த் தண்ணீரும் உண்டு. முல்லைப் பெரியாறு தண்ணீர் வைகை அணை வழியாக மதுரைக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அது போதாதென்று லோயர் கேம்பிலிருந்தே நேரடியாகக் குழாய் பதித்து நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் கொண்டுபோகும் திட்டமும் போட்டார்கள். பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்துப் போராடியது தனிக்கதை. நான் சொல்ல வந்தது, தண்ணீர் மதுரைக்குக் குடிபோனபோது யாரும் அதனிடம் "குலசாமி எது?" என்று கேட்கவில்லை. நம்மிடம் கேட்கிறார்கள் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எங்கள் ஊரின் பெயரிலேயே கேம்ப் இருக்கிறது. பென்னிகுக் காலத்தில், 1895-ல் முடிந்த அணை வேலைக்கும், பிறகு மின் நிலைய வேலைக்கும் மலையடிவாரத்துக்கு ஆட்கள் வந்தார்கள். 1958-ல் பெரியாறு மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு பல மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் மாற்றலாகி வந்தார்கள். அவர்களுக்கென்று குவார்ட்டர்ஸ். அதில் எந்த வீடு யாருக்கு என்பதைப் பதவியும் சீனியாரிட்டியும் முடிவு செய்யும். பக்கத்து வீட்டில் யார் வரவேண்டும் என்று உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் யார் என்று பக்கத்து வீட்டுக்காரரும் கேட்டு அனுமதி தர முடியாது. லிஸ்டில் பெயர் வந்தால் சாவி வரும்.

குவார்ட்டர்ஸில் சாதியே இல்லை என்று உங்கள் காதில் பூச்சுற்ற மாட்டேன். கல்யாணப் பத்திரிகை யார் வீட்டுக்கு முதலில் போகும் என்பதில் அது இருந்தது. யார் வீட்டில் கை நனைப்பார்கள், யார் வீட்டில் தண்ணீர் மட்டும் குடிப்பார்கள் என்பதில் இருந்தது. அதோடு இன்ஜினியர் வீட்டுக்கும் ஹெல்ப்பர் வீட்டுக்கும் உள்ள தூரம் வேறு. ஆனால் குடிவருவதற்கு முன்னால் வாசலில் நிறுத்திச் சாதி கேட்கிற வேலை மட்டும் கிடையாது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அப்பா ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தபோதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது.

கல்லூரி லீவு நாட்களில் நானும் அப்பாவோடு மதுரையில் வீடு தேடி அலைந்தேன். எந்தெந்த ஏரியா என்று சொல்லப் போவதில்லை. எல்லா ஏரியாவிலும் கேள்வித்தாள் ஒன்றுதான்.

1. "சொந்த ஊர் எது?" சொன்னால் உடனே அடுத்தது, "அங்க எந்தத் தெரு?" நம் ஊர்களில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதான்.

2. "குலசாமி எங்க இருக்கு?" கேட்பதற்குப் பக்தியாகத் தெரியும். கேட்பது பக்திக்காக அல்ல.

3. "கவிச்சி சமைப்பீங்களா?" சில இடங்களில் இதிலேயே இன்டர்வியூ முடிந்துவிடும்.

4. பெயர். முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்களுக்கு மற்ற மூன்று கேள்விகளும் தேவையில்லை. பெயரிலேயே ரிசல்ட் வந்துவிடும்.

முதல் கேள்விக்கு அப்பா "லோயர் கேம்ப் குவார்ட்டர்ஸ்" என்று சொன்னதும் ஒரு புரோக்கர் திணறிப் போனார். பிளாக் நம்பரை வைத்துச் சாதி கண்டுபிடிக்க முடியாதே! "அது வேல பாத்த எடம் சார். பூர்வீகம் எது?" என்றார். இன்னொரு வீட்டில் அட்வான்ஸ் வரைக்கும் பேசி முடித்தாகிவிட்டது. மறுநாள் போன். "சொந்தக்காரங்க கேட்டுட்டாங்க, தப்பா நெனைக்காதீங்க." இரண்டு மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோதும் டூ லெட் போர்டு அங்கேயேதான் தொங்கியது.

எங்கள் சாதி என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் "அதான பாத்தேன்" என்பார்கள், மீதிப் பேர் "அப்புறம் ஏன் தரல?" என்பார்கள். இரண்டுமே தப்பான கேள்வியிலிருந்து பிறந்த பதில்கள்.

இதைச் சட்டம் கேட்காதா என்று எனக்கும் தோன்றியது. அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதி, மத பேதம் காட்டித் தடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் வாடகை வீடு இல்லை. தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதைப் பற்றித்தான் முக்கியமாகப் பேசுகிறது. யாருக்கு வீடு தரமாட்டேன் என்று சொல்கிறார்கள் என்பதைப் பற்றி அல்ல. 2005-ல் உச்ச நீதிமன்றம், அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பார்சிகளை மட்டுமே உறுப்பினராக வைத்துக்கொள்ளலாம் என்றே தீர்ப்புச் சொன்னது.

அமெரிக்காவுக்குப் போன நம் ஆட்கள் அங்கே ஏரியா பார்ப்பதைப் பெரிய கலையாகச் செய்கிறார்கள். ஸ்கூல் ரேட்டிங், ஆபீஸ் தூரம், இந்தியக் கடை என்று எக்ஸெல் ஷீட்டே போடுகிறார்கள். அந்த நாடு யோக்கியம் என்று சொல்லவில்லை. 1930-களில் அங்கே அரசாங்க அமைப்பே நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து, இங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்தது. அதன் தழும்பு இன்றும் அந்த நகரங்களில் இருக்கிறது. ஆனால் 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், இனம், நிறம், மதம் பார்த்து வீடு மறுப்பது குற்றம் என்று சட்டம் கையெழுத்தானது. வீட்டு புரோக்கர் "உங்களுக்கு அந்த ஏரியா சரிப்படாதுங்க" என்று இனம் பார்த்துத் திருப்பிவிடுவதும் அங்கே சட்டவிரோதம். நம் ஊர் புரோக்கருக்கு அதுதான் முழுநேரத் தொழிலே.

இன்னொரு செய்தி. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதி பார்த்து வேலையிலோ வீட்டிலோ பேதம் காட்டுவதைத் தடைசெய்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு நகரம் சாதியைத் தன் சட்டத்தில் எழுத வேண்டி வந்திருக்கிறது. அந்தச் சாமான் அங்கே விளையவில்லை. பெட்டியில் கட்டிக்கொண்டு போனது நாம்.

தமிழர்கள் வாழும் சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1989 முதல் அரசு அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொரு பிளாக்கிலும் எந்த இனத்தவர் அதிகபட்சம் எத்தனை சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள். அதில் சங்கடம் இல்லாமலில்லை. வரம்பு நிறைந்த பிளாக்கில் தன் வீட்டை விற்க நினைக்கும் சிறுபான்மையினர், வாங்க ஆள் கிடைக்காமல் தவிப்பார்கள். ஆனாலும் அக்கம்பக்கம் தானாகக் கலக்காது, கலக்க வைக்க வேண்டும் என்று ஒரு அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

நாமும் முயற்சி செய்யாமல் இல்லை. 1998-ல் திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவுச் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகள். தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எங்கள் குவார்ட்டர்ஸைப் போலத்தான், பக்கத்து வீட்டுக்காரரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அதே மதுரை மாவட்டத்தில்தான் உத்தப்புரமும் இருக்கிறது. தலித் தெருவைப் பிரித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை 2008 மே மாதம்தான் இடித்தார்கள். கிராமத்தில் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது, இடிக்கவும் முடிந்தது. நகரத்தில் அதே சுவர் "சொந்தக்காரங்க கேட்டுட்டாங்க" என்ற போன் காலாக வருகிறது. எதைக் கொண்டு இடிப்பது?

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும்.

ஒன்று, "என் வீடு, என் இஷ்டம்." உங்கள் வீடுதான். வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைப் பாழாக்குவார்களா என்று கேளுங்கள். பழைய ஹவுஸ் ஓனரின் நம்பர் வாங்கி விசாரியுங்கள். இதற்கெல்லாம் குலசாமி பதில் சொல்லாது. வாடகை பாக்கி வைப்பவர்கள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு கனமானது. "புது ஊர்ல ராத்திரி நெஞ்சுவலின்னா யாரு வருவா? நம்ம ஆளுகதான்." ஒடுக்கப்பட்டவர்கள், மதச் சிறுபான்மையினர் தங்கள் மக்களோடு சேர்ந்து வாழ்வதைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். பல நேரம் அவர்களுக்கு வேறு இடத்தில் வீடே கிடைப்பதில்லை. கிடைத்த இடத்தில் பாதுகாப்பு தேடுவது தப்பில்லை. நான் கேட்பது, எந்த ஏரியாவிலும் கதவு திறக்கும் என்ற நிலையில் இருப்பவர்களை. அவர்கள் "நம்ம ஆளுக" பார்த்துப் போகும் ஒவ்வொரு முறையும் அந்த ஏரியா இன்னும் கொஞ்சம் இறுகுகிறது. நெஞ்சுவலிக்கு ஓடிவருவது பக்கத்து வீட்டுக்காரர்தான். குவார்ட்டர்ஸில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வந்தவர் யார் என்று அந்த நேரத்தில் யாரும் பார்த்ததில்லை.

எங்களுக்குக் கடைசியில் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் வீட்டு மாடி கிடைத்தது. அவர் கேட்டது இரண்டே கேள்வி. எத்தனை பேர் இருப்பீங்க, வாடகை எந்தத் தேதி தருவீங்க. பஸ் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் தூரம், தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள். பரவாயில்லை. மேலே சொன்ன பஸ், தண்ணி அறிவுரைகளையெல்லாம் மீறி அந்த வீட்டைத்தான் எடுத்தோம் :-)

என்னைக் கேட்டால், ஏரியா பார்க்கப் போகிறவர்கள் செய்யக்கூடியது இதுதான். "எந்தத் தெரு?" என்று கேட்டால், சொல்லும் வசதி உங்களுக்கு இருந்தாலும் சொல்லாதீர்கள். சொன்னால் பாஸ் ஆகக்கூடியவர்கள் சொல்ல மறுத்தால்தான் அந்தக் கேள்விக்கு மதிப்புப் போகும். "நம்ம ஆளுக ஏரியா" என்று புரோக்கர் சொல்வதை ஒரு சிறப்பம்சமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பலதரப்பட்ட பிள்ளைகள் ஒன்றாக விளையாடும் தெருவுக்காக, ஸ்டாப்பிலிருந்து பத்து நிமிடம் கூடுதலாக நடந்தாலும் நஷ்டமில்லை.

கடைசியாக ஒன்று, பள்ளத்தாக்கிலிருந்து வந்து மதுரையில் சொந்த வீடு கட்டிவிட்டவர்களுக்கு. உங்களில் நிறையப் பேர் இதே கேள்வித்தாளுக்கு ஒரு காலத்தில் பதில் எழுதியவர்கள்தான். இப்போது கீழே நீங்கள் இருந்துகொண்டு மாடி போர்ஷனுக்கு டூ லெட் போர்டு மாட்டியிருக்கிறீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அப்பாவும் பிள்ளையும் வந்து பெல் அடிப்பார்கள். எத்தனை பேர், வாடகை எந்தத் தேதி. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.