மொட்டைமாடிக்கு ஏறலாமா?

போன மாதம் பழைய பைனாகுலர் ஒன்று வாங்கினேன். 10×50. இரவு எட்டு மணிக்கு அதோட எங்கட வெள்ளவத்தை பிளாட் மொட்டைமாடிக்கு ஏற வெளிக்கிட, அம்மா கதவடியில மறித்தா. "உதைத் தூக்கிக்கொண்டு மேல போகாத. ஆரும் பார்த்தா என்ன நினைப்பினம்?"

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு யோசித்தேன். 2009 பெப்ரவரி 20 இரவு எனக்கு ஐந்து வயது. புலிகளின் விமானங்கள் வந்தபோது கொழும்பை இருட்டாக்கினார்கள். வானத்தில் சூட்டு வெளிச்சக் கோடுகள். எனக்கு அது வாணவேடிக்கை. அம்மாவுக்கு, விடியும்வரை யார் கதவைத் தட்டுவார்களோ என்று காத்திருந்த இரவு. அந்தக் காலத்துக் கொழும்பில், தமிழ் வீட்டில் பைனாகுலர் ஒரு பொழுதுபோக்குச் சாமான் இல்லை.

வானியல் ஆர்வம் எங்களிடம் ஏன் குறைவு என்று கேட்டால் தொலைக்காட்டியின் விலை, நகர வெளிச்சம் என்று சொல்வோம். இரண்டும் உண்மைதான். 2022 மின்வெட்டில்தான் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மச்சாள் முதன்முதலாக வானம் நிறைய நட்சத்திரம் பார்த்தாள். ஆனால் மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கிறது: பயம்.

பேர்சி மோல்ஸ்வேர்த்தை எடுங்கள். 1867 இல் கொழும்பில் பிறந்த பிரிட்டிஷ் இராணுவப் பொறியியல் அதிகாரி. திருகோணமலையில் 12.5 அங்குலத் தொலைக்காட்டி வைத்து வியாழனைப் பார்த்தார். 1901 இல் அந்தக் கோளின் தென்பகுதியில் தோன்றிய பெரும் குழப்பம் ஒன்றைக் கண்டுபிடித்தார். செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு இன்று அவருடைய பெயர். பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் இங்கே கோள்கள் தலைக்கு மேலே உயர ஏறும். லண்டனில் கிடைக்காத வசதி அது. அவருக்கு இன்னொரு வசதியும் இருந்தது. இரவில் லென்ஸோடு நின்ற அவரை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அதே திருகோணமலையில் பிறகு ஒரு தலைமுறை இருட்டினால் வெளியே நிற்கவே பயந்தது.

"ஆர்ட்ஸ் படிக்கிற உனக்கு இது எதுக்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். யார் வானத்தைப் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்பது ஆர்ட்ஸ் கேள்விதானே!

வசதி இல்லாமலில்லை. 1965 இல் திறந்த கோள்மண்டலம் எங்கட கம்பஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காலி வீதியில் 100 ஆம் நம்பர் பஸ் ஏறி கட்டுபெத்தையில் இறங்கினால், கிட்டத்தான் ஆர்தர் சி. கிளார்க் நிறுவகம். 1996 இல் ஜப்பான் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைக்காட்டி அங்கே இருக்கிறது. ஆனால் முதலில் சொந்த மொட்டைமாடிக்கு ஏற வேண்டும்.

அன்றைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் ஏறினேன். முழங்கையை மதிலில் ஊன்றி வியாழனைப் பார்த்தா. "பக்கத்தில மூண்டு புள்ளி தெரியுது." பெரிய நிலவு நாலு, ஒன்று பின்னால மறைந்திருக்கும் என்றேன்.

"அப்ப நாளைக்கும் பார்ப்பம்" என்றா.

உங்கட வீட்டிலும் மறிக்கிற ஒருவர் இருப்பார். அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். மேலே கூட்டிக்கொண்டு போங்கள்.