ஒத்தடம் கொடுக்குமுன்

மாசித் திருவிழா முடிந்த மறுநாள் நத்தத்தில் பார்க்கவேண்டிய காட்சி ஒன்று உண்டு. முதல் நாள் மாரியம்மன் சந்நிதியில் கழுமரம் ஏறிச் சிங்கம் போல் நின்ற வாலிபர்கள் சிலர், மறுநாள் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு முனகுவார்கள். ஒருவருக்குக் கணுக்கால் பிசகியிருக்கும். இன்னொருவருக்கு முழங்கால் வீங்கியிருக்கும். உடனே தெருவில் வைத்திய மகாசபை கூடிவிடும். புளியையும் உப்பையும் கரைத்துக் காய்ச்சிச் சூட்டோடு பற்றுப் போடவேண்டும் என்பார்கள் பாட்டிமார்கள். நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கலாம் என்பது மற்றொரு கட்சி. கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைகளோ, "ஐஸ் கட்டி எங்கே?" என்று கடைக்கு ஓடுவார்கள்.

இந்த வழக்கில் ஜயம் யாருக்கு? இரு கட்சிக்கும் பாதி பாதிதான். பிசகிய இடத்தில் முதல் இரண்டு நாள் உள்ளே ரத்தம் கசிந்து வீக்கம் ஏறுகிறது. அப்போது சூடு வைத்தால் ரத்தக் குழாய்கள் விரிந்து வீக்கம் அதிகமாகும். குளிர்ச்சி அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வலியைக் கடத்தும் நரம்பையும் சற்று மந்தப்படுத்துகிறது. வீக்கம் வடிந்து விறைப்பு மிஞ்சும்போதுதான் பாட்டியின் முறை வருகிறது. சூடு, இறுகிய தசையை இளக்கி, மூட்டை வளைய விடுகிறது.

குளிர்ச்சியிலும் அளவு வேண்டும். பிசகிய காலுக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கு அங்க விதியை 1978-ல் உலகறியச் செய்தவர் கேப் மிர்க்கின் என்னும் அமெரிக்க டாக்டர். பிற்காலத்தில் அவரே, வீக்கமும் ஆறுதலின் ஓர் அங்கம், ஓயாமல் ஐஸ் வைத்தால் குணமாவது தாமதப்படலாம் என்று தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார். ஆகவே வலி தணிவதற்குத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிஷம் வைத்தால் போதும்.

ஆனால் சூடும் குளிரும் வெறும் வேலைக்காரர்கள்; எஜமானர் வேறு. ஆஸ்திரேலிய நர்ஸ் எலிசபெத் கென்னியின் சரித்திரம் இதைத் தெளிவாக்குகிறது. இளம்பிள்ளை வாதம் கண்ட குழந்தைகளின் கை கால்களைக் கட்டை வைத்துக் கட்டி அசையாமல் கிடத்துவதே அந்தக் காலத்து வழக்கம். அந்த அம்மையார், கம்பளித் துணியைக் கொதிநீரில் நனைத்து ஒட்டப் பிழிந்து சுற்றி, வலி தணிந்ததும் அந்தக் கால்களை மெள்ள மெள்ள அசைக்கப் பழக்கினார். 1940-ல் அமெரிக்கா சென்று அங்குள்ள டாக்டர்களுக்கும் இதைக் காட்டினார். அவர் கூறிய காரணங்கள் பலவற்றை டாக்டர்கள் ஒப்பவில்லை, சிகிச்சையை ஒப்பினார்கள். கம்பளி வழியை மட்டுமே திறந்தது. குழந்தையை நடத்தியது பயிற்சி. நமது நாட்டில் 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையான கிருமியால் அந்த நோய் தலைகாட்டவில்லை. பக்ஷவாதமும் எலும்பு முறிவும் இருக்கும்வரையில் பாடம் மட்டும் பழசாகாது.

இவ்வளவும் தெரிந்த நாமே ஒரு தவறு செய்தோம். நமது எதிர் வீட்டுப் பெரியவருக்குப் பக்ஷவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நீரிழிவும் பழைய சொத்து. கால் மரத்துக் கிடக்கிறது என்று அவர் மருமகள் வருத்தப்பட்டாள். "செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடு, அம்மா" என்று வாத்தியார் தோரணையில் சொல்லிவிட்டு வந்தோம். அவள் கவனமாகத்தான் செய்தாள். "சூடு தாங்குதா, மாமா?" என்று கேட்டுக்கொண்டே வைத்தாளாம். "சூடே தெரியல்லே, தாயி, இன்னும் கொஞ்சம் வை" என்றாராம் அவர். மறுநாள் காலில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அந்தப் புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. நடக்கப் பழகவேண்டிய இரண்டு மாதம் அது! அந்த வீட்டில் ஒருவரும் நம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது.

மரத்த கால் சூட்டை அறியாது என்பதை நாம் யோசித்திருக்க வேண்டும். இதே உண்மை நமது வேலூரில் எப்போதோ நிரூபணமான விஷயம். 1946-ல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சூட்டிலும் காயத்திலும் அழிகின்றன என்று கண்டார். அவருடன் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சைகள் செய்தார். 1966-ல் அங்கே திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்துக்கும் அவரே காரணம். வலி பகையல்ல, காவற்காரன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆகவே ஒத்தடம் கொடுக்குமுன் ஒரு சிறு பரீட்சை வையுங்கள். இரண்டு தம்ளரில் ஒன்றில் குளிர்ந்த நீர், மற்றொன்றில் வெதுவெதுப்பான நீர். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, மாற்றி மாற்றி அந்த இடத்தில் தொட்டு, எது எது என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால், உங்கள் முழங்கையில் தாங்கும் சூட்டில், துணி மடித்து வைத்து, பதினைந்து நிமிஷம் கொடுங்கள். இடையிடையே துணியை நீக்கித் தோலைப் பாருங்கள். பிறகு அந்த மூட்டை அசைக்கச் செய்யுங்கள். தவறாகச் சொன்னால், செங்கல்லும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பெரியவர் இப்போது கோலை ஊன்றி வாசல் வரை வருகிறார். நம்மைக் கண்டால், "வாத்தியார் ஐயா, இன்று என்ன வைத்தியம்?" என்று சிரிக்கிறார். பரீட்சை வைப்பது நமது தொழில். அந்த வீட்டில் பரீட்சையில் தவறியவர் நாமே.